அட்டாபதம்: ஒரு சொல், பல பொருள்

ஆதிபகவன் முத்தி பெற்ற திருமலையை நாம் கயிலை என்றும் அட்டாபதம் என்றும் போற்றுகிறோம். இச்சொல்லின் பொருளை அறிய விரும்பும் மாணவர் வடமொழி அகராதியைப் புரட்டினால், அங்கே 'சிலந்தி' என்றொரு பொருளைக் கண்டு திகைப்பர். "புனித மலைக்கும் சிலந்திக்கும் என்ன தொடர்பு?" என்று அவர் வினவினால் பெரியோர் சினங்கொள்ளலாகாது. வினா நேரியது, அதற்கு விடையும் உண்டு. அவ்விடையைப் படிப்படியாகக் காண்போம்.

முதலாவது சொல்லமைப்பு. 'அஷ்ட' என்பது எட்டு. 'பத' என்பது கால், அடி, இடம் முதலிய பல பொருள் தரும். வடமொழியின் ஷகரம் தமிழ்ச் சொல்லின் இடையில் டகரமாகத் திரியும் என்பது பவணந்தி முனிவரின் நன்னூல் காட்டும் நெறி. விஷம் விடமானதும் பாஷை பாடையானதும் அவ்வாறே. இனி, 'அட்டபதம்' என்னாது 'அட்டாபதம்' என நீண்டது ஏன்? ஒன்றற்குச் சிறப்புப் பெயராக அமையுங்கால் 'அஷ்ட' என்பதன் ஈறு நீளும் என்பது பாணினியின் விதி. ஆகவே அந்நெடில் பிழையன்று. அது பெயர் என்பதற்கு அடையாளம்.

இரண்டாவது, பொருள் வகை. எட்டுக் கால் உடைமையால் சிலந்தி இப்பெயர் பெற்றது. சிங்கத்தையும் வெல்லும் எனக் கதைகள் கூறும் சரபத்திற்கும் எட்டுக் கால் என்பதால் அதற்கும் இதுவே பெயர். அச்சரபத்தைத் தமிழில் சிம்புள் என்றும் எண்காற்புள் என்றும் வழங்குவர். வரிசைக்கு எட்டாக 64 கட்டங்கள் கொண்ட ஆட்டப் பலகையும் அட்டாபதமே. பிற்காலத்தில் சதுரங்கம் அதன்மீது ஆடப்பட்டது. பொன்னுக்கும் இப்பெயர் உண்டு. மலைக்கு வருங்கால், பரத சக்கரவர்த்தி அதனை எட்டுப் படிகளாகச் செதுக்குவித்தார் எனச் சுவேதாம்பர ஆசாரியராகிய ஏமசந்திரர் 12ஆம் நூற்றாண்டில் விரித்துரைத்தார். ஆகவே சிலந்தியில் 'பதம்' காலாகும், பலகையில் கட்டமாகும், மலையில் படியாகும். எட்டு என்னும் எண் இம்மூன்றற்கும் பொது. சிலந்தியிலிருந்து மலைக்குப் பெயர் வந்ததன்று. இரண்டும் தனித்தனியே பெற்ற பெயர்கள் ஒத்திருக்கின்றன.

மூன்றாவது, தமிழ் வழக்கு. நாம் வீட்டில் 'எட்டுக்கால் பூச்சி' என்கிறோம். இன்றைய உயிரியல் பாடமோ ஆறு கால் உடையவற்றையே பூச்சியினம் என்று வரையறுத்து, சிலந்தி, தேள், உண்ணி ஆகியவற்றை எட்டுக்கால் உடைய வேறொரு வகுப்பில் வைக்கிறது. இதனால் பேச்சு வழக்குத் தவறென்று கொள்ள வேண்டா. வழக்கில் 'பூச்சி' என்பது சிற்றுயிர்ப் பொதுப்பெயர். 'சிலந்தி' என்னும் சொல்லும் ஒரு பொருளோடு நிற்பதன்று. கட்டியையும் அது குறிக்கும். 'நரம்புச் சிலந்தி' என்பதோ காலே இல்லாத ஒரு புழுவால் வரும் நோய். எட்டுக்காலை எதிர்பார்த்து அங்கே பொருள் கொண்டால் என்னாகும்?

இதிலிருந்து நாம் கொள்ளத்தக்க நெறி ஒன்றே. அகராதி பொருள்களை வரிசைப்படுத்தித் தரும். எப்பொருள் பொருந்தும் என்பதை அச்சொல்லின் பக்கத்துச் சொற்களே காட்டும். வலையும் நூலும் உடன்வரின் சிலந்தி. காயும் கட்டமும் வரின் பலகை. தீர்த்தங்கரர் திருப்பெயரும் முத்தியும் வரின் மலை. பொருளறியாது ஓதும் துதி நாவளவில் நின்றுவிடும். பொருளைத் தவறாக அறிந்த பிள்ளையோ நாளடைவில் ஓதுவதையே விட்டுவிடக் கூடும். வீட்டுப் பெரியோர் விடை கூறாதிருந்தால் இழப்பு நம் பிள்ளைகளுக்கே.

மற்றொன்றும் சொல்லத்தகும். சிலந்தியின் பெயர் மலைக்கும் அமைந்ததே எனக் கூசுதல் நமக்கு அழகன்று. நம் நூல்வழக்கில் சிலந்தி முதலியன நாலறிவுயிர்கள். அவற்றை ஊறின்றிக் காத்தல் நாம் ஏற்ற அறம்.

இளைஞர்க்குப் பயிற்சி:
1. 'பதம்' என்னும் சொல்லைச் சோறு, பாட்டு, அடி ஆகிய மூன்று பொருளிலும் வைத்து வாக்கியம் அமைக்க.
2. 'அட்ட' என்று தொடங்கும் சொற்கள் ஐந்து எழுதி, அவற்றுள் எவை எட்டைக் குறிக்கின்றன எனப் பெரியோரிடம் கேட்டறிக.