கறங்கோலையும் நுங்கு வண்டியும்



பௌதிகத்தில் முதுநிலை வகுப்புப் பயிலும் ஒருவன் மன்ற மலருக்குச் சிறுவர் விளையாட்டுப் பொருள்களைப் பற்றியா எழுதுவது என்று உங்களுள் சிலர் நகைக்கக்கூடும். நகைப்பவர் முதலில் ஒரு தென்னோலைக் காற்றாடி செய்து அதைச் சுற்றவிட்டுப் பார்க்கட்டும். நான் செய்த காற்றாடி மூன்று நாள் சுற்றவில்லை.

நடந்ததைச் சொல்கிறேன். கடந்த கோடை விடுமுறையில் ஆய்வுக்கூட வேலை மிச்சமிருந்தமையால் திருநெல்வேலிப் பக்கம் உள்ள என் ஊருக்குப் போக இயலவில்லை. கரமனையை அடுத்த ஒரு சந்தில் உள்ள என் அறையிலேயே தங்கிவிட்டேன். கேரளத்தில் மார்ச்சுக் கடைசியில் மூடும் பள்ளிகள் ஜூன் பிறந்த பிறகுதான் திறக்கும். இரண்டு மாதங்கள்! எங்கள் சந்தில் பதினைந்து இருபது பிள்ளைகள் இருக்கிறார்கள். சில வீடுகள் மலையாளிகளுடையவை. சில, மூன்று தலைமுறையாக இங்கேயே வாழும் தமிழருடையவை. சில, அண்மையில் பிழைப்புத் தேடி வந்த தமிழர் தங்கியிருப்பவை. எல்லாரும் ஒரே குழாயில்தான் தண்ணீர் பிடிக்கிறார்கள். ஆனால் பிள்ளைகள் மட்டும் மூன்று கூட்டமாகவே நின்றார்கள்.

அவர்களுள் ஒருவன் எந்தக் கூட்டத்திலும் சேராமல் திண்ணையில் உட்கார்ந்திருப்பான். எட்டு வயது. தந்தை கட்டட வேலைக்காக வந்தவர். நடு ஆண்டில், டிசம்பரில், பையனை மலையாளம் வழியாகப் பயிற்றும் பள்ளியில் சேர்த்திருக்கிறார்கள். மூன்று மாதமும் அவன் வகுப்பில் வாய் திறக்கவில்லையாம். பிள்ளைகள் அவனை ஊமை என்றே முடிவு கட்டிவிட்டார்கள். "வீட்லயும் இப்ப வாயே தொறக்க மாட்டேங்கான், தம்பி. ஜூன்ல ஊருக்குக் கொண்டுபோயி ஆச்சிகிட்டயே விட்டுரலாம்னு இருக்கோம்" என்றார் அவன் தாயார். நான் என்ன மறுமொழி சொல்ல முடியும்? நானும் இங்கு வந்த முதல் ஆண்டில் விடுதி உணவுக்கூடத்தில் விரல் நீட்டியே சோறு கேட்டவன்தானே!

அவனை ஏதாவது செய்து கலகலப்பாக்கலாம் என்றுதான் ஓலைக் காற்றாடியில் இறங்கினேன். தென்னங்கீற்றில் ஈர்க்கு நீக்கிய இரண்டு இலைகளை ஒரு சாண் நீளத்துக்கு வெட்டி, ஒவ்வொன்றையும் நடுவில் மடித்து, ஒன்றின் மடிப்புக்குள் மற்றொன்றைக் கோத்து இறுக்கினால் நடுவில் ஒரு முடிச்சு விழும். இரு பக்கமும் இரண்டு கைகள் நீண்டு நிற்கும். முடிச்சின் நடுவே துளையிட்டு ஓர் ஈர்க்கைச் செருகிக் காற்றுக்கு எதிரே ஓட வேண்டும். ஓடினேன். கைகள் அசைந்தன, சுற்றவில்லை. ஈர்க்கை மாற்றினேன், துளையைப் பெரிதாக்கினேன், மின்விசிறியின் முன் பிடித்தேன். பயனில்லை.

மூன்றாம் நாள் எதிர்வீட்டுச் சிறுமி, ஒன்பது வயதிருக்கும், அதை வாங்கிப் பார்த்து, "சேட்டா, இது கறங்ஙில்லா" என்று சொல்லிவிட்டு, இடக்கையைக் கட்டைவிரலால் ஒரு திருகு திருகினாள். காற்றாடி பறந்தது. காரணம் எளிது. வலக்கையின் மேல்விளிம்பு நம்மை நோக்கிச் சாய்ந்திருந்தால் இடக்கையின் கீழ்விளிம்பு நம்மை நோக்கிச் சாய்ந்திருக்க வேண்டும். அப்போதுதான் காற்று ஒரு கையை மேலேயும் மற்றதைக் கீழேயும் தள்ளும். இரண்டும் சேர்ந்து சுழற்றும். நானோ அழகுக்காக இரு கைகளையும் ஒரே மாதிரி சாய்த்திருந்தேன். இரண்டையும் காற்று ஒரே பக்கமாகத் தள்ள, திருப்புவிசைகள் ஒன்றையொன்று அழித்துவிட்டன. திருப்புவிசை பற்றிய கணக்குகளைத் தேர்வில் பிழையின்றிப் போட்டவன் நான். என் விரல்களுக்கு மட்டும் அது தெரிந்திருக்கவில்லை.

அச்சிறுமி சொன்ன சொல்லைக் கவனித்தீர்களா? கறங்குதல் என்றால் சுழலுதல். நமக்கு அது நூல்களில் வாழும் சொல். அகராதியைப் புரட்டினால் ஓலைக் காற்றாடிக்கே கறங்கோலை என்று பெயர் இருப்பதைக் காணலாம். தமிழ்நாட்டில் நாம் அலமாரியில் வைத்துப் பூட்டியதை ஒரு மலையாளக் குழந்தை தெருவில் ஓடிக்கொண்டு சொல்கிறாள்! அன்று முதல் நான் பிள்ளைகளின் விளையாட்டுச் சொற்களைக் குறித்துக்கொள்ளத் தொடங்கினேன். பம்பரம், பட்டம், பந்து, காற்றாடி, ஓலை எல்லாம் இருமொழிக்கும் பொது. ஊஞ்சலை அவர்கள் ஊஞ்ஞால் என்பர். ஈர்க்கு அவர்கள் வாயில் ஈர்க்கில். தேங்காய் ஓட்டைச் சென்னை நண்பர்கள் கொட்டாங்கச்சி என்பார்கள். எங்கள் தென்பாண்டிச் சீமையிலும் இங்கும் அது சிரட்டைதான். எனவே விளையாட்டுக்கு மொழிபெயர்ப்பாளன் தேவைப்படவில்லை. ஓலையைக் கையில் எடுத்தவுடனே பாதி மொழி வந்துவிட்டது.

அடுத்து ஊதல். இங்குள்ளவர்கள் ஓலைப் பீப்பீ என்பார்கள். நீளமான ஓலை இலையை ஒரு நுனியிலிருந்து சாய்வாகச் சுருட்டிக்கொண்டே போனால் ஒரு கூம்பு வரும். அவிழாமல் இருக்க அகன்ற முனையில் ஈர்க்கைக் குத்திவிட வேண்டும். குறுகிய முனையில் இரண்டாக மடித்த சிறு ஓலைத்துண்டைச் செருகி ஊத வேண்டும். அந்த இரண்டு நாக்குகளும் மூச்சுக் காற்றில் விரைவாகத் திறந்து மூடி அதிர, கூம்புக்குள் இருக்கும் காற்று அதை வாங்கிப் பெருக்கி ஒலிக்கிறது. நம் நாதசுரத்தின் சீவாளி நாணலால் ஆனது. அதன் வேலையும் இதுவே. கூம்பை நீளமாகச் சுருட்டினால் ஒலி தாழும், குட்டையாக்கினால் உயரும். பிள்ளைகள் இதை ஒரே பிற்பகலில் கண்டுபிடித்து, வரிசையாக நின்று ஊதி, சந்துப் பெரியவர்களின் பகல் தூக்கத்தைக் கெடுத்தார்கள். வசைமொழி எனக்குக் கிடைத்தது.

இவ்வளவுக்கும் அந்தப் பையன் திண்ணையை விட்டு இறங்கவில்லை. மே மாதத்தில் ஒருநாள் சாலையோரத்தில் நுங்கு விற்பவர் வெட்டி எறிந்த கூந்தல்கள் இரண்டைத் தூக்கிக்கொண்டு வந்தான். ஒரு குச்சியை அச்சாகக் கோத்தான். வேலியில் ஒடித்த கவைக்கொம்பு ஒன்றை அந்த அச்சின் நடுவில் வைத்துத் தள்ளிக்கொண்டு சந்தின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு ஓடினான். நுங்கு வண்டி! பனங்காட்டு ஊர்களில் பிறந்த நமக்கு இது புதிதன்று. தென்னை சூழ வளர்ந்த இந்தப் பிள்ளைகள் வாய் பிளந்து நின்றார்கள். அரைமணி நேரத்தில் நுங்கு விற்பவரிடம் ஒரு சிறு கூட்டமே போய் நின்றது.

ஆனால் மற்றவர்கள் செய்த வண்டிகள் நேரே ஓடினவே தவிர, திருப்பத்தில் இழுத்துக்கொண்டு கவிழ்ந்தன. காரணத்தை நான் விளக்கத் தொடங்கினேன். வளைவில் வெளிச்சக்கரம் நெடுந்தொலைவு செல்ல வேண்டும், உட்சக்கரம் குறைந்த தொலைவு; இரண்டும் ஒரே அச்சில் இறுகப் பிணைந்திருந்தால் ஒன்று தரையில் தேய்ந்தாக வேண்டும் என்று மலையாளமும் தமிழும் கலந்து நான் தடுமாறிக்கொண்டிருக்கையில், பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. "ஒரு பக்கம் இறுக்கமா இருக்கணும். இன்னொரு பக்கம் லூசா இருக்கணும்." பேசியவன் அவன்தான். எல்லாருக்கும் விளங்கிவிட்டது, ஏனெனில் 'லூசு' இருமொழிக்கும் பொதுச்சொல்லாகிவிட்டதே! தனித்தமிழ் அன்பர்கள் பொறுத்தருள்க. ஊமை என்று பெயரெடுத்தவனை அந்த ஆங்கிலச் சொல்தான் கூட்டத்தில் சேர்த்தது.

மாட்டுவண்டிச் சக்கரங்கள் அச்சின்மேல் தனித்தனியே உருள்வதும், மோட்டார் வண்டியின் பின்னச்சில் வேற்றுமைப் பற்சக்கரத் தொகுதி இருப்பதும் இதற்காகவே. இரயில் சக்கரங்களோ அச்சோடு இறுகப் பிணைந்தவை. ஆகையால் அவற்றின் விளிம்பைச் சற்றே கூம்பு வடிவமாகக் கடைந்திருக்கிறார்கள். வளைவில் சக்கரத் தொகுதி வெளிப்புறமாக ஒதுங்க, வெளிச்சக்கரம் தன் பெரிய சுற்றளவிலும் உட்சக்கரம் தன் சிறிய சுற்றளவிலும் உருள்கின்றன. எட்டு வயதுப் பையன் ஒரு கத்தியும் இரண்டு கூந்தலும் கொண்டு தீர்த்தது இதே சிக்கலைத்தான்.

இதற்குப் பின் நாள்தோறும் மாலை 4 மணிக்கு எங்கள் சந்தில் ஒரு பட்டறை நடந்தது. தீப்பெட்டித் தொலைபேசியை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை; நூல் விறைப்பாக இருந்தால் பேசும், தொய்ந்தால் பேசாது. இராபர்ட்டு ஊக்கு என்ற ஆங்கில விஞ்ஞானி விறைப்பான கம்பி வழியே ஒலியைச் செலுத்தியதை 1665ஆம் ஆண்டிலேயே எழுதிவைத்திருக்கிறார். நூலில் கோத்த உறிஞ்சுகுழலில் ஊதிய பலூனை ஒட்டி விட்டால் அது ஏவுகணை. 1963ஆம் ஆண்டு நவம்பர் 21ஆம் நாள் நம் நாட்டிலிருந்து முதல் ஏவுகணை புறப்பட்ட தும்பா இங்கிருந்து எட்டிப்பிடிக்கும் தொலைவில்தான் இருக்கிறது. பிள்ளைகளுக்கு அதைச் சொன்னதும் பலூன்கள் ஒரே நாளில் தீர்ந்தன.

நான் அதிகம் கற்றது தீக்குச்சிகளிடம். மிதிவண்டிக்கடையில் வால்வு டியூப் என்று மெல்லிய இரப்பர்க் குழாய் தருவார்கள். அதை விரற்கடை அளவாக நறுக்கி, மருந்து சுரண்டிய தீக்குச்சிகளை இரு முனையிலும் செருகினால் மூட்டு ஆயிற்று. மூன்று குச்சி மூன்று மூட்டால் முக்கோணம், நான்கால் சதுரம். சதுரத்தை அழுத்தினால் சாய்ந்து சப்பென்று போகும். முக்கோணம் அசையாது. பாலங்களிலும் மின்கம்பக் கோபுரங்களிலும் குறுக்குச் சட்டங்கள் ஏன் என்பதற்கு இதைவிடச் சிறந்த பாடம் எனக்குத் தெரியாது.

இந்தத் தீக்குச்சி வித்தையைப் பரப்பியவர் அரவிந்த் குப்தா. கான்பூர் தொழில்நுட்பக் கழகத்தில் பொறியியல் கற்று, மோட்டார்த் தொழிற்சாலையில் வேலைக்கு அமர்ந்தவர். 1978இல் விடுப்பெடுத்து மத்தியப் பிரதேசத்தின் ஓசங்காபாத்துக்குச் சென்றார். அங்கே 1972 முதல் சிற்றூர்ப் பள்ளிகளில் பிள்ளைகள் தம் கையாலேயே செய்து விஞ்ஞானம் கற்கும் திட்டம் ஒன்று நடந்துவந்தது. அது அவரை ஆட்கொண்டது. வாழ்நாளெல்லாம் குப்பையிலிருந்து பொம்மை செய்வதே தொழிலாயிற்று. அரசு 2018இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது அளித்தது. ஆனால் அவரை ஆளாக்கிய ஓசங்காபாத்துத் திட்டத்தை 2002இல் மூடிவிட்டார்கள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். விருது வழங்குவது எளிது. பள்ளி நேர அட்டவணையில் இடம் தருவது அரிது போலும். நம் பக்கத்தில் 1962இல் தோன்றிய கேரள சாஸ்திர சாகித்திய பரிஷத்தும் 1980இல் தோன்றிய தமிழ்நாடு அறிவியல் இயக்கமும் இத்துறையில் உழைத்திருக்கின்றன. பரிஷத்தின் 'யுரேக்கா'வும் இயக்கத்தின் 'துளிர்' இதழும் பிள்ளைகளுக்காக வெளியிடப்பெற்றவை. பழைய பிரதிகள் கையில் கிடைத்தால் விடாதீர்கள்.

பொம்மை வேறு, விஞ்ஞானம் வேறு என்று இன்னும் எண்ணுபவர்க்கு ஒரு செய்தி. பொத்தானின் இரு துளைகளில் நூலைக் கோத்து முறுக்கி, இரு கையாலும் இழுத்து இழுத்துத் தளர்த்தினால் விர்ரென்று சுழலுமே, அந்த விளையாட்டு நாமெல்லாரும் ஆடியது. அதே கான்பூரில் பயின்று, அமெரிக்காவில் இசுட்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் பணியாற்றும் மனு பிரகாசும் அவர் குழுவினரும் அந்தப் பொம்மையை ஆராய்ந்து, அட்டைத் தட்டும் நூலும் கொண்ட ஓர் இரத்தம் பிரிக்கும் கருவி செய்து 2017இல் வெளியிட்டார்கள். எடை 2 கிராம். செலவு 20 சென்ட்டு. வேகம் நிமிடத்துக்கு 1,25,000 சுற்று. மின்சாரம் இல்லாத ஊரில் ஒன்றரை நிமிடத்தில் இரத்தத்திலிருந்து பிளாசுமாவைப் பிரித்துவிடும். எங்கள் ஆய்வுக்கூடத்தில் மையவிலக்குப் பொறி பழுதாகி நிற்கும் நாள்களில் நான் அந்தப் பொத்தானை நினைத்துக்கொள்வதுண்டு.

ஓர் எச்சரிக்கை. பொத்தானுக்குப் பதிலாகச் சோடா மூடியைத் தட்டையாக்கிக் கோப்பது நம் ஊர் வழக்கம். வேண்டா. அறுந்து பறந்தால் அது கத்திதான். என் புருவத்தில் உள்ள தழும்பு சாட்சி. பட்டத்துக்கு மாஞ்சா நூலும் வேண்டா. ஓலை சீவும் கத்தியைப் பெரியவர் கையில் மட்டுமே கொடுக்க வேண்டும். ஒரு பயலிடம் கொடுத்துவிட்டு நான் தேநீர் குடிக்கப் போன நாளில் நல்லவேளையாக வாழைமரம் ஒன்றுதான் வெட்டுப்பட்டது.

பையனின் செய்திக்கு வருகிறேன். ஜூனில் மழையோடு பள்ளி திறந்தது. அவன் ஊருக்குப் போகவில்லை. ஓணத் தேர்வு வரை பார்க்கலாம் என்று பெற்றோர் ஒத்திவைத்திருக்கிறார்கள். இப்போது சந்தில் அவன் போடும் கூச்சலைக் கேட்டால் ஊமை என்றவர்கள் நாணுவார்கள். ஆனால் வகுப்பில் பேசுகிறானா என்றால், எதிர்வீட்டுச் சிறுமி இல்லையென்றே சொல்கிறாள். சந்து வேறு, வகுப்பறை வேறு. மலையாள எழுத்து அவனுக்கு இன்னும் வசப்படவில்லை. ஆகையால் ஞாயிறுதோறும் ஓலை வேலையோடு எழுத்தையும் சேர்த்திருக்கிறேன். ஈர்க்குத் துண்டுகளை வளைத்துத் தரையில் எழுத்துகள் அமைப்பது. வட்டமும் வளைவுமான மலையாள எழுத்துக்குத் தென்னை ஈர்க்கு நன்றாகவே வளைந்து கொடுக்கிறது. ஆனால் சிறுமியின் கையெழுத்துத்தான் சரி, என்னுடையது தவறு என்று அவன் திருத்துகிறான்.

ஓண விடுமுறை பத்து நாள். மன்றத்து நண்பர்கள் நால்வர் ஐவர் முன்வந்தால், சாலைக் கடைத்தெருப் பக்கம் உள்ள தமிழ்ப் பிள்ளைகளுக்கும் இதுபோல ஒரு பட்டறை நடத்தலாம். மலையாளம் எழுதத் தெரிந்தவர் ஒருவராவது கட்டாயம் வேண்டும். ஞாயிறு மாலை 4 மணிக்கு என் அறைக்கு வருக. கத்தியும் நூலும் என்னிடம் உள்ளன. ஓலையை மட்டும் வரும் வழியில் பொறுக்கி வாருங்கள். காய்ந்தது உதவாது, பச்சை ஓலையாக இருக்கட்டும்.