ஒரே தொகுதி, பதினோரு வெற்றி

கேள்வி: வாழ்நாள் முழுக்க எம்.எல்.ஏ.வாகவே இருப்பது அரசியலில் தேக்கம்தானே?
- வாசகர், தேனி

பதில்: இல்லை. மகாராஷ்டிரத்தின் கண்பத்ராவ் தேஷ்முக்கைப் பாருங்கள். சோலாப்பூர் மாவட்டத்துச் சாங்கோலாவில் 1962-ல் முதல் வெற்றி. 1972-லும் 1995-லும் தோற்றார். இரண்டு முறையும் மக்கள் திரும்ப அழைத்துக்கொண்டார்கள். 2014-ல் பதினோராவது முறையாக வென்றார்.

இத்தனைக்கும் அவருடைய விவசாயிகள் தொழிலாளர்கள் கட்சி மாநிலத்தில் மெல்ல மெல்லத் தேய்ந்துகொண்டிருந்த கட்சி. கட்சி மாறியிருந்தால் பெரிய பதவிகள் தேடி வந்திருக்கும், அவர் மாறவில்லை. 1978-லும் 1999-லும் அமைச்சரானார். மற்றபடி பெரும்பாலும் எதிர்க்கட்சி வரிசைதான்.

சாங்கோலா மழை மறைவுப் பகுதி. வானம் பார்த்த பூமி. அங்கே எம்.எல்.ஏ.விடம் மக்கள் கேட்பது தண்ணீர்தான். கிருஷ்ணா நதி நீர் வறண்ட வட்டங்களுக்கு வர வேண்டும் என்று, நாக்நாத் நாயக்வாடி என்பவரோடு சேர்ந்து ஆட்பாடி என்ற ஊரில் தண்ணீர் மாநாடுகள் நடத்தினார். பாசனத் திட்டம் ஒரே ஆட்சிக் காலத்தில் முடிகிற காரியமா? நிதி ஒதுக்கீட்டை வருடா வருடம் விடாமல் கேட்க, கோப்பின் வரலாறு தெரிந்த ஒருவர் சபையில் இருந்தாக வேண்டும். தேஷ்முக் எளிமைக்கும் பெயர் எடுத்தவர். அரசுப் பேருந்திலேயே பயணம் செய்வார்.

2021-ல், 94 வயதில் காலமானார். உங்கள் எம்.எல்.ஏ. அடுத்த முறை ஓட்டுக் கேட்டு வரும்போது, எந்தக் கோப்பை எத்தனை வருடமாகத் துரத்துகிறார் என்று கேளுங்கள்.