பாதையும் பண்டமும்

உழைப்பு ஒன்றாயினும் ஊதியம் ஊருக்கு ஊர் வேறுபடுவது ஏன்? மண்ணும் மழையும் மட்டும் காரணமல்ல. பாதை, நீர், மின்சாரம், கிடங்கு ஆகிய பொது வசதிகளும் ஒரு வட்டாரத்தின் வளத்தை நிர்ணயிக்கின்றன. இதற்குச் சேலம் மாவட்டமே சான்று.

சமவெளியை முதலில் நோக்குவோம். 1860-களின் தொடக்கத்தில் சேலத்திற்கு இரயில் வந்தது. 1934-இல் மேட்டூர் அணை முற்றுப்பெற்றது. 1937-இல் அங்கு மின் உற்பத்தியும் தொடங்கிற்று. நகர நெசவாளர்க்கு நூல் வரவும் துணி வெளியூர் செல்லவும் வழி எளிதாயிற்று.

சேர்வராயன் மலையிலோ, இரயிலுக்கு முன்னரே, 1820-களில், கலெக்டர் காக்பர்ன் காப்பிப் பயிரைப் புகுத்தினார். பயிர் முந்தியது, வசதி பிந்தியது. சேலத்திலிருந்து ஏற்காட்டிற்கு ஏறத்தாழ 30 கிலோமீட்டர். இடையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். கரடியூர் போன்ற சிற்றூர்கள் அதற்கும் அப்பால் உள்ளன. 2024 டிசம்பர்த் தொடக்கத்தில் பெய்த பெருமழையில் மலைச்சாலையில் மண் சரிந்து போக்குவரத்துத் தடைப்பட்டது.

இனி ஒரு கணக்கு. அரபிக்கா பழத்தைப் பறித்த அன்றே தோல் நீக்கிக் கழுவி உலர்த்தினால் அது பார்ச்மெண்ட் காப்பி. நீரும் இயந்திரமும் இல்லாதவர் பழத்தை அப்படியே உலர்த்திச் செர்ரியாக விற்பர். அதற்கு விலை குறைவு. செடியும் உழைப்பும் ஒன்றே. வசதியின்மையே விலையைக் குறைக்கிறது. மேலும், 600 கிலோ பழத்தினின்று கிடைக்கும் பார்ச்மெண்ட் ஏறத்தாழ 120 கிலோவே. ஊரிலேயே தோல் நீக்கினால், ஐந்தில் ஒரு பங்கு எடைக்கே வண்டிக்கூலி.

ஆதலின் சாலை இன்றியமையாததேனும், அது மட்டும் போதாது. நம் சரக்கு இறங்கும் சாலையிலேயே வியாபாரியும் ஏறி வருகிறார். காய வைக்கக் களமும், காத்து வைக்கக் கிடங்கும் இல்லாதவர் அவர் சொன்ன விலைக்கு அன்றே விற்க நேரும். சாலையை அரசிடம் கேட்டுப் பெற வேண்டும். களம், கிடங்கு, தராசு, தோல் நீக்கும் இயந்திரம் ஆகியவற்றைச் சங்கமாய்க் கூடி அமைத்துக்கொள்ள இயலும். தனியொருவர்க்குப் பாரமாவது பலர்க்கு எளிது. கழிவுநீர் ஓடையில் கலவாதபடி காப்பதும் சங்கத்தின் கடமையே.

உறுப்பினர் ஆராய்க:

1. நம் ஊரில் விலையைக் குறைக்கும் வசதிக்குறைவு யாது?

2. அதனுள் அரசு செய்யவேண்டியது எது? நாம் செய்யக்கூடியது எது?

3. அதற்கு ஒவ்வொருவரும் செலுத்தக்கூடிய பங்கு எவ்வளவு?

அடுத்த கூட்டத்திற்கு இவற்றின் விடைகளோடு வருக.