நீலம் பாய்ந்த உளி

கேள்வி: ஓய்வு நேரத்தில் வீட்டிலேயே மரவேலை செய்கிறேன். என் ஒரு அங்குல உளியை பெஞ்ச் கிரைண்டரில் சாணை பிடித்தேன். பிடித்த கையோடு சவரக்கத்தி மாதிரி இருக்கிறது. தேக்கில் நாலு தட்டு தட்டினால் மழுங்கிவிடுகிறது. மலிவான உளி என்பதாலா? ஜப்பானியக் கல் வாங்கச் சொல்கிறார்கள், வாங்கலாமா?
— ஒரு வாசகர், திண்டுக்கல்

பதில்: கல் கிடக்கட்டும். முதலில் உளியின் வாயை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். ஓரத்தில் நீலமோ ஊதாவோ தெரிகிறதா? தெரிந்தால் பதம் போய்விட்டது.

எஃகைப் பழுக்கக் காய்ச்சி, சட்டென்று குளிர்வித்து, பிறகு 200 டிகிரி செல்சியஸை ஒட்டிய சூட்டில் வைத்துத்தான் உளிக்குப் பதம் ஏற்றுகிறார்கள். கிரைண்டர் சக்கரத்தில் மெல்லிய நுனி ஓரிரு நொடியில் அந்தச் சூட்டைத் தாண்டிவிடும். சுமார் 230 டிகிரியில் வைக்கோல் நிறம் வரும். 300-ஐ நெருங்கும்போது நீலம். நீலம் வந்த இடத்தில் எஃகு இளகிவிட்டது என்று பொருள். உப்புத்தாள் போட்டு நிறத்தைத் தேய்த்து எடுத்தாலும் பதம் திரும்பாது. அந்த ஓரிரு மில்லிமீட்டரை முழுவதுமாகத் தேய்த்துத் தள்ளத்தான் வேண்டும். இந்த முறை அழுத்தாமல், பக்கத்தில் தண்ணீர் வைத்துக்கொண்டு செய்யுங்கள். நுனிக்குப் பக்கத்தில் விரலை வைத்தே பிடியுங்கள். விரல் சுடும் முன் தண்ணீரில் முக்குங்கள்.

கோணத்துக்குத் தனிக் கருவி வேண்டாம். சரிவின் நீளம் தகட்டின் தடிமனைப் போல இரண்டு மடங்கு இருந்தால் அது 30 டிகிரி. அதாவது 3 மி.மீ. தகட்டுக்கு 6 மி.மீ. சரிவு. தேக்குக்கு இது போதும். இதைவிடச் சன்னமாக்கினால் வாய் சீக்கிரம் பொடியும்.

இனி கல். ஒரு பக்கம் கரகரப்பும் மறுபக்கம் நைசுமாக ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் சாதாரண கார்பரண்டம் கல்லே போதும். கொஞ்சம் மெஷின் ஆயிலில் மண்ணெண்ணெய் கலந்து விடுங்கள். சமையல் எண்ணெய் வேண்டாம். நாள்பட்டால் பிசுபிசுத்துக் கல்லை அடைத்துவிடும். கரகரப்பான பக்கத்தில் சரிவைத் தேய்த்துக்கொண்டே வாருங்கள். இடையிடையே உளியின் தட்டைப் பக்கத்தில் கட்டைவிரலை வாயை நோக்கித் தள்ளி, வெளியே வழித்து எடுங்கள். ஓரம் முழுக்க நெடுக ஒரு பிசிறு நெருடும்வரை தேய்ப்பதை நிறுத்தாதீர்கள். பாதியில்தான் நெருடுகிறது என்றால் மீதிப் பாதி இன்னும் மழுங்கல்தான். பெரும்பாலோர் கோட்டை விடுவது இந்த இடத்தில். பிசிறு வந்தபின் நைசான பக்கத்துக்கு மாறுங்கள். கடைசியாக உளியைக் குப்புறப் போட்டு, தட்டைப் பக்கம் முழுதும் கல்லோடு படிய நாலைந்து இழுப்பு. அந்தப் பக்கத்தைத் துளியும் தூக்கக் கூடாது. புது உளியானால் தட்டைப் பக்கத்தையும் ஒரு முறை சமமாக்கியாக வேண்டும். மிச்சமிருக்கும் பிசிறு பழைய தோல் பெல்ட்டில் பின்னோக்கி இழுத்தால் போய்விடும்.

ஜப்பானியக் கல் நல்ல பொருள்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அதற்கும் போன பதத்தை மீட்கத் தெரியாது. அந்தப் பணத்துக்கு ஒரு கண்ணாடித் துண்டும் நாலு தண்ணீர் உப்புத்தாளும் வாங்குங்கள். நடுவில் குழி விழுந்த கல்லைச் சமமாக்க அவை உதவும்.