கிணற்றடியில் குளோப் ஃபிளவர் முளைக்குமா?

கேள்வி: ஸ்காட்லாந்தில் ஈரப் புல்வெளிகளில் மஞ்சள் பந்துபோலப் பூக்கும் குளோப் ஃபிளவர் விதையை மகள் கொண்டுவந்தாள். எங்கள் கிணற்றடி எப்போதும் ஈரம்தான். மூன்று மாதமாகியும் ஒன்றுகூட முளைக்கவில்லையே, ஏன்?
– வாசகி, கரமனை, திருவனந்தபுரம்

பதில்: ஈரம் விரும்பும் செடி என்றதும் உங்கள் ஊர் நினைவுக்கு வருவது நியாயம்தான். இடவப்பாதி, துலாமழை என்று இரண்டு பருவமும் நனைக்கிற ஊராயிற்றே! ஆனால் டிரோலியஸ் என்னும் இந்தச் செடிக்கு ஈரத்தோடு குளிரும் வேண்டும்.

முதலில் விதை. அது உறக்கநிலையில், அதாவது உயிரோடிருந்தும் முளைக்காமல் காத்திருக்கும் நிலையில் இருக்கிறது. செடியிலிருந்து உதிரும்போது உள்ளிருக்கும் கரு முழுதாக வளர்ந்திருக்காது. குளிர்காலத்தை ஈரமண்ணில் கழித்த பிறகே விழிக்கும். திருவனந்தபுரத்திலோ இரவில் 20 டிகிரிக்குக் கீழே இறங்குவதே அபூர்வம்.

ஈர மணலோடு சில மாதம் ஃபிரிட்ஜில் வைத்து விதையை ஏமாற்றலாம். குளிர்நாட்டுத் தோட்டக்காரர்களும் செய்வதுதான். ஆனால் முளைத்த நாற்றை என்ன செய்வீர்கள்? எப்போதும் ஈரமான மண்ணில் வேருக்குக் கிடைப்பது நீரில் கரைந்த ஆக்சிஜன்தான். 10 டிகிரி நீரில் லிட்டருக்குச் சுமார் 11 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும்; 30 டிகிரியில் ஏழரைதான். வேரின் சுவாசமோ (சேர்த்த சர்க்கரையை எரித்து ஆற்றல் பெறும் வேலை) 10 டிகிரி கூடினால் ஏறக்குறைய இரு மடங்காகும். தேவை ஏறுகிறது, வரத்து குறைகிறது. மூச்சுமுட்டிய வேரில் அழுகல் பூஞ்சை சுலபமாகப் புகுந்துவிடும். இரவுப் புழுக்கம் வேறு, பகலில் இலை சேர்த்ததைக் கரைத்துவிடும்.

பக்கத்துப் பொன்முடி மலைக்கு எடுத்துப் போகலாமா என்று கேட்பீர்கள். 1,100 மீட்டர் உயரம் போதாது. இதே குடும்பத்து ரனன்குலஸ் செடிகள் நீலகிரியின் உயர்ந்த புல்வெளிகளில் மஞ்சளாகப் பூக்கின்றன. ஆனால் டிரோலியஸைப் பார்க்க இமயத்தில் 3,000 மீட்டருக்கு மேல் ஏற வேண்டும். அங்குள்ள இனம் பந்தாகக் குவியாமல் விரிந்து பூக்கும்.

உங்கள் கிணற்றடிக்குக் கல்யாண சௌகந்திகம் என்று அங்கே சொல்லும் வெள்ளை இஞ்சி லில்லி பிரமாதம். கிழங்கை இரண்டு விரல் ஆழத்தில், அரை நிழலில் நடுங்கள். மாலையில் மணக்கும். வேகமாகப் பரவும் என்பதால் ஓடைக்கரைப் பக்கம் மட்டும் விடாதீர்கள். மஞ்சள்தான் வேண்டுமென்றால் மஞ்சள் கல்வாழை இருக்கிறது, சேற்றுக்கும் அஞ்சாது.

இன்னொன்று: வெளிநாட்டு விதையை இங்கே கொண்டுவர இறக்குமதி அனுமதியும் தாவர நலச் சான்றிதழும் வேண்டும். அடுத்த முறை மகளிடம் பூவின் படத்தைக் கேளுங்கள்.