கல்ச்சரில் ஒன்றும் வளரவில்லை என்றால்

அன்புள்ள தம்பிக்கு,

ஸ்டெம் செல் மாற்று வார்டில் சேரப் போவதாக எழுதியிருந்தாய். அங்கே நீ அடிக்கடி கேட்கப்போவது, "டாக்டர், யூரின் ரத்தமா போகுது" என்ற முறையீடு.

சிகிச்சையை ஒட்டிய நாட்களில் என்றால் பெரும்பாலும் மருந்தின் வேலை. சைக்ளோபாஸ்பமைடு சிதைந்து உண்டாகும் அக்ரோலின் சிறுநீர்ப்பையைப் புண்ணாக்கும். மெஸ்னா கொடுப்பது அதைத் தடுக்கத்தான். சில வாரம் கழித்து வந்தால் பிகே வைரஸ், அடினோ வைரஸ். இதெல்லாம் நீ படித்ததே.

பாடத்தில் ஓரிரு வரியோடு நின்றுவிடும் பாக்டீரியாக்களைப் பற்றித்தான் எழுத நினைத்தேன். கோரினிபாக்டீரியம் யூரியாலிட்டிகம் தோலில் சாதுவாகக் கிடப்பது. நெடுநாள் கதீட்டர், மாற்றி மாற்றி ஆன்டிபயாட்டிக், எதிர்ப்பாற்றல் இழந்த உடம்பு எல்லாம் கூடினால் சிறுநீர்ப்பையில் குடியேறிவிடும். யூரியாவை உடைத்து அமோனியாவாக்கும். சிறுநீரின் காரத்தன்மை ஏறும். பாஸ்பேட் உப்புகள் உட்சுவரில் பொருக்காகப் படியும். அதன் அடியில் சதை புண்ணாகி ரத்தம் கசியும். பெரும்பாலான ஆன்டிபயாட்டிக்குகளுக்குக் கேட்காது, வான்கோமைசினுக்குக் கேட்கும். சிலருக்குப் பொருக்கையும் சுரண்டி எடுக்க வேண்டிவரும்.

ஆனால் அதைக் கண்டுபிடிப்பதே பெரும்பாடு. சிறுநீர் கல்ச்சர் தட்டை ஒரு நாள் பார்த்துவிட்டு அறிக்கை எழுதிவிடுவது வழக்கம். இது தலைகாட்ட இரண்டு மூன்று நாள் ஆகும். வளர்ந்தாலும், தோலிலிருந்து கலந்தது என்று ஒதுக்கப்படுவதுண்டு.

இன்னொன்று யூரியாபிளாஸ்மா. இந்தப் பாக்டீரியாவுக்குச் செல் சுவரே கிடையாது. கிராம் சாயத்தில் தெரியாது, வழக்கமான தட்டில் வளராது, பெனிசிலின் வகை எதுவும் அதைத் தொடாது. பிசிஆர் கேட்டால் தெரியும். டாக்ஸிசைக்ளின் போன்றவை வேண்டும். ரத்தத்தில் அமோனியா ஏறி நோயாளி குழம்பிப் பேசினாலும் இதை நினைத்துக்கொள். ரத்தம் போவதற்கான காரணங்களில் நம் நாட்டில் காசநோயையும் மறக்கக் கூடாது.

எனக்குப் பெரிய கவலை வேறு. மாற்று சிகிச்சை பெற்றவர்களில் பலருக்கு, ரத்தமே போகாவிட்டாலும், சிறுநீரில் பிகே வைரஸ் இருக்கும். பாசிட்டிவ் என்று வந்ததும் விசாரணையை முடித்து, சிடோஃபோவிர் கொடுத்தால் சிறுநீரகம் அடிவாங்கக்கூடும். பாக்டீரியா இருந்தால் அது அப்படியே இருக்கும். சீழணு இல்லையே என்றும் நிம்மதி அடையாதே. வெள்ளணுவே இல்லாத நாட்களில் சீழணு எங்கிருந்து வரும்?

ஆகவே, ரத்தம் நிற்காமல், சிறுநீரின் பிஎச் 7-ஐத் தாண்டி, கல்ச்சரில் எதுவும் வளரவில்லை என்று வந்தால் ஆய்வகத்துக்கு நீயே நேரில் போ. யாருடைய சிறுநீர், என்ன சிகிச்சை நடந்தது என்று சொல். தட்டை மூன்று நாள் வைத்திருக்கச் சொல்லிக் கேள்.

அன்புடன்,
அண்ணன்