பெர்லினில் முதலில் தேட வேண்டியது விலாசம்

பெர்லின் நகரத்துப் பல்கலைக்கழகம் ஒன்றில் முதுகலைப் படிப்புக்கு இடம் பெற்று, குளிர்காலப் பருவம் தொடங்கும் அக்டோபர் முதல் தேதிக்குச் சில தினங்களே இருக்கையில், இரண்டு பெட்டிகளும் ஒரு பிரஷர் குக்கருமாக வந்து இறங்கும் நம் மாணவர்களுக்கு இயன்ற ஒத்தாசையைச் செய்து வருகிறவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். பாடத்துக்கும் குளிருக்கும் ஈடுகொடுத்துவிடும் கெட்டிக்காரர்கள்கூட, விலாசம் என்ற ஒரு விஷயத்தில் இடறி விழுவதைத் திரும்பத் திரும்பக் கண்டிருக்கிறேன். ஆகையால் வீசா, விமானச் சீட்டு முதலியவற்றை உங்கள் சாமர்த்தியத்துக்கே விட்டுவிட்டு, அந்த இடறுகல்லைப் பற்றி விஸ்தாரமாகச் சொல்ல விரும்புகிறேன்.

புறப்படுமுன் இரண்டே எச்சரிக்கைகள். 2024 செப்டம்பர் முதல் விதித்திருக்கும் கணக்குப்படி, ஓராண்டுச் செலவுக்கென்று முடக்குக் கணக்கில் கட்டும் 11,904 யூரோ, மாதம் 992 யூரோ வீதமாகத்தான் கைக்குத் திரும்பி வரும். வீட்டு முன்பணமோ, வெப்பமூட்டும் செலவு முதலியவை சேராத வாடகையில் மூன்று மாதத் தொகை வரையில் கேட்கப்படலாம். அதை மூன்று தவணையாகச் செலுத்தச் சட்டம் உரிமை தருகிறதாயினும், முதல் தவணையும் முதல் மாத வாடகையும் ஒரே நாளில் வந்து நிற்கும். ஆதலால் 2,000 யூரோவாவது புறம்பாகக் கையிருப்பு இல்லாமல் விமானம் ஏறாதீர்கள். இரண்டாவது, முப்பது வயது நிரம்பாதவர் பொது மருத்துவக் காப்பீட்டில் சேருவதே உத்தமம். தனியார் காப்பீட்டின் மலிவில் மயங்கி இதிலிருந்து விலக்குப் பெற்றுவிட்டால், படிப்பு முடியும்வரை திரும்பி வர வழியில்லை.

இனிப் பிரதான விஷயத்துக்கு வருவோம். ஜெர்மனியில் ஒரு வீட்டில் குடிபுகுந்தவர் இரண்டு வாரத்துக்குள் பியூர்கர்அம்ட் என்னும் அலுவலகத்தில் தம் விலாசத்தைப் பதிந்துகொள்ள வேண்டும். அன்மெல்டுங் என்பது இதற்குப் பெயர். அந்தப் பதிவுச் சீட்டைக் காட்டினால்தான் பல வங்கிகள் கணக்குத் திறக்கும். கணக்குத் திறந்தால்தான் முடக்கிய பணம் இறங்கத் தொடங்கும். பகுதிநேர வேலைக்கு வேண்டிய பதினோரு இலக்க வரி எண் பதிவுக்குப் பிறகே தபாலில் வரும். வீசா முடியுமுன் வதிவிட அனுமதி கோரும்போதும் இதே சீட்டைக் கேட்பார்கள். வாடகை ஒப்பந்தத்தை நீட்டினால் பதிந்துவிடுவார்கள் என்று எண்ணிப் போகிறவர்கள் வெறுங்கையோடு திரும்புகிறார்கள். 2015 நவம்பர் முதல் தேதியிலிருந்து, இன்னார் இன்ன தேதியில் இந்த வீட்டில் குடிபுகுந்தார் என்று வீட்டைக் கொடுத்தவர் கையெழுத்திட்டுத் தரும் தனிச் சான்று கட்டாயமாகிவிட்டது. வோனுங்ஸ்கேபர்பெஸ்டேட்டிகுங் என்ற அதன் பெயரை, நாக்குச் சுளுக்கினாலும் பரவாயில்லை, மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்.

இந்தச் சான்றைக் கொடுக்க மனமில்லாதவர்கள் விடும் அறைகள் நகரில் ஏராளம். உரிமையாளரின் சம்மதமில்லாமல் உள்வாடகைக்கு விடுகிறவர், தம் குட்டு வெளிப்பட்டுவிடும் என்று அஞ்சி, எல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பார். அந்தப் பிறகு வருவதே இல்லை. அறையைப் பற்றி விசாரிக்கும் முதல் கடிதத்திலேயே, வாடகையைக் கேட்பதற்கும் முன்னால், அங்கே அன்மெல்டுங் செய்துகொள்ளலாமா என்று கேட்டுவிடுங்கள். வட்ட ரயில்பாதைக்கு உள்ளேதான் குடியிருப்பேன் என்ற பிடிவாதமும் வேண்டாம். எஸ் 41, எஸ் 42 என்ற ரயில்கள் எதிரெதிராகச் சுற்றிவரும் அந்த 37 கிலோமீட்டர் வட்டத்துக்குள் சான்றில்லாமல் கிடைக்கும் அழகான அறையைவிட, வட்டத்துக்கு வெளியே ஷ்பாண்டௌவில் சான்றோடு கிடைக்கும் சிறிய அறை நூறு பங்கு மேல் என்பது என் தீர்மானமான அபிப்பிராயம். மாணவர் விடுதிக்குச் சேர்க்கைக் கடிதம் வந்த அன்றைக்கே விண்ணப்பம் போடுங்கள். காத்திருப்போர் வரிசை மாதக்கணக்கில் நீளும். தாம் வெளிநாட்டில் இருப்பதாகவும், பணம் வந்து சேர்ந்ததும் சாவியைத் தபாலில் அனுப்புவதாகவும் எழுதுகிறவருக்குப் பதில்கூடப் போடாதீர்கள்.

அலுவலகத்தில் நேரம் கிடைப்பது அடுத்த சிரமம். உங்கள் பேட்டை அலுவலகத்துக்கே போக வேண்டும் என்ற நியதி இல்லை. பன்னிரண்டு மாவட்டங்களில் எங்கே இடம் கிடைத்தாலும் போகலாம். பிறர் கைவிட்ட நேரங்கள் காலையில் கண்ணில் படும். 115 என்ற எண்ணிலும் கேட்கலாம். இரண்டு வாரத்துக்குள் கிடைக்கவில்லையென்றால், கிடைத்த முதல் நாளை எடுத்துக்கொண்டு அதன் உறுதிச்சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். படிவத்தில் மதம் என்று ஒரு கட்டம் இருக்கும். கத்தோலிக்கர் என்றோ புராட்டஸ்டன்ட் என்றோ எழுதினால், வருமான வரி கட்டும் நாளில் அதில் ஒன்பது சதவீதம் திருச்சபை வரியாகச் சேரும். அறிந்து எழுதுங்கள்.

சீட்டுக் கிடைத்ததும் காரியம் முடிந்தது என்று அநேகர் நினைக்கிறார்கள். சென்ற வருஷம் நொய்க்கோல்ன் பகுதியில் ஒரு பின்கட்டு வீட்டில் குடியேறிய திருச்சி மாணவர் ஒருவர், "அண்ணா, பதிஞ்சு ஒரு மாசம் ஆச்சு, பாங்க் கார்டும் வரலை, வரி நம்பரும் வரலை" என்று கவலையோடு வந்து நின்றார். உடன் சென்று பார்த்தேன். வாயிலைத் தாண்டிய நடையில் தகரத் தபால் பெட்டிகள் இரண்டு வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு பெயர்த் துண்டு. அவருடைய பெட்டியில் முன்பு குடியிருந்தவரின் பெயர் அப்படியே இருந்தது. பெர்லினில் பெரும்பாலான வீடுகளுக்குக் கதவிலக்கம் கிடையாது. பெயரைப் பார்த்தே தபால்காரர் கடிதம் போடுவார், பெயரில்லையென்றால் திருப்பிவிடுவார். ஆகையால் சாவி வாங்கிய அன்று மாலையே, பெட்டியிலும் அழைப்பு மணியிலும் உங்கள் பெயரை ஒட்டுங்கள். தகப்பனார் பெயரை முன்னெழுத்தாக வைத்து வாழும் நமக்கு இதில் ஒரு சிக்கல் உண்டு: கூப்பிடும் பெயரை ஒட்டிப் பயனில்லை, பாஸ்போர்ட்டைப் பார்த்து அலுவலகத்தார் குடும்பப் பெயரென்று எதைப் பதிந்தார்களோ, அதையே ஒட்ட வேண்டும். பிறர் பெயரிலுள்ள வீடானால், நம் ஊர் மே/பா போல, அவர் பெயரையும் சேர்த்து விலாசம் கொடுங்கள். அந்த மாணவர் வெள்ளை நாடாவில் தம் தகப்பனார் பெயரை எழுதி ஒட்டிய மறுவாரமே வங்கிக் கடிதம் வந்து சேர்ந்தது.

மற்றவை சில்லறை விஷயங்கள். ஒலிபரப்புக் கட்டணமாகிய 18.36 யூரோ மாதந்தோறும் வீட்டுக்கு ஒன்றுதான். நால்வர் சேர்ந்து வசித்தால் ஒருவர் கட்டி மற்றவரிடம் பங்கு வாங்கிக்கொள்ளலாம். ஞாயிற்றுக்கிழமை கடைகள் அடைத்திருக்கும்; அரிசியும் பாலும் சனிக்கிழமையே வாங்கிவிடுங்கள். இரவு பத்து மணிக்குமேல் மிக்சியை ஓட்டாதீர்கள்.

விடுமுறைக்கு ஊருக்குப் போகையில் உங்கள் அறையை இன்னொரு மாணவருக்கு உள்வாடகைக்கு விடும் நாள் உங்களுக்கும் வரும். அப்போது உரிமையாளரிடம் முறையாகச் சம்மதம் பெற்று, அந்தச் சான்றில் கையெழுத்திட்டு, சாவியோடு சேர்த்தே அவர் கையில் கொடுங்கள்.